சனிக்கிழமை கம்பெனி

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க சார். சப்போர்ட் டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்கிறேன்."

சொல்லிவிட்டு எம்.டி. கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் குனிந்து, ஏதோ ஒரு மெட்டை மூக்காலேயே கொஞ்ச நேரம் பாடினார். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைக் கனைத்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"வணக்கம், சப்போர்ட் டிபார்ட்மென்ட். சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?"

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கையிலிருந்த துண்டையே எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவள் சிரிப்பும் லைனில் போயிருக்கும்.

எம்.டி. என்றதும் கார், கோட்டு, சுழல் நாற்காலி என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். அது மனைவி வைத்த பட்டப்பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை மனுஷர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் எழுதிக்கொள்ளும் குமாஸ்தா. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் யாரைத் திட்ட வேண்டுமோ அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இவரைத் திட்டுவார்கள். இவரும் "சரிங்க, சரிங்க" என்று எழுதிக்கொள்வார். அங்கே எந்த மெக்கானிக் எந்தப் பக்கம் போயிருக்கிறான் என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஒரே கட்டடத்துக்கு மூன்று பேர் போய் நிற்பார்கள். இன்னொரு கட்டடத்தில் ஒரு அம்மா காய்கறிப் பையோடு இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பாள்.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்கு, எப்போது, எங்கே டியூட்டி என்று தானாகவே பிரித்துக் கொடுக்கும் ஒரு மென்பொருள். தானே படித்து, தானே தப்புப் பண்ணி, தானே திருத்தி அதை எழுதினார். வாழ்க்கையில் அவர் கையால், அவர் மூளையால் உண்டான ஒரே பொருள் அதுதான். அதைப் பற்றிப் பேசினால் மனுஷருக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

ஆனால் நேரம்? அதற்கு மனைவி ஒரு சட்டம் போட்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து இருட்டும் வரை, வாரத்துக்கு ஐந்து மணி நேரம். அதற்கு மேல் கம்ப்யூட்டரைத் தொட்டால் கம்ப்யூட்டர் பரண்மேல் போய்விடும்.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபீசில் கிளை மேலாளர் அவரைக் கூப்பிட்டு, சூப்பர்வைசராக்குவதாகச் சொல்லியிருந்தார். நல்ல பதவிதான். ஆனால் சனிக்கிழமையும் முழு நாள் வரவேண்டும். மாதக் கடைசிக்குள் சரியா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

"ஒரே ஒரு கம்பெனி," என்று மனைவி பேரத்தை முடித்திருந்தாள். "அதுக்குள்ள ஒரே ஒரு கம்பெனி உங்க சாமானை வாங்கிக் கையெழுத்துப் போட்டா, சூப்பர்வைசர் வேலை வேண்டாம்னு நானே சொல்றேன். இல்லைன்னா, எம்.டி. சார், கடையைக் கட்டிட்டு ஒழுங்கா ஆபீஸ் போங்க."

அந்த ஒரே ஒரு கம்பெனிதான் இப்போது லைனில் இருந்தது. அட்டைப்பெட்டி தயாரிக்கும் கம்பெனி; வாங்குவதற்கு முன் மென்பொருளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பேசுகிறவர் அதன் சேர்மன். எடுத்த எடுப்பிலேயே, "உங்க கம்பெனியில எத்தனை பேர் சார்?" என்று அவர் கேட்டிருந்தார். எம்.டி. சுற்றிலும் பார்த்தார். மனைவி இருந்தாள், மின்விசிறி இருந்தது, கொடியில் துணி இருந்தது.

"ஒரு இருபது பேர் இருக்கும் சார்."

"அப்படியா. நாங்க முப்பது பேர்."

எம்.டி.க்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. "இருபதுன்னு சொன்னது இந்த மாடியில மட்டும் சார்," என்று சேர்த்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாடி மாடியாகக் கம்பெனி நடத்துகிறவன் தானே போனை எடுத்து, தானே பழுதும் பார்க்க முடியுமா? அதனால்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சப்போர்ட் டிபார்ட்மென்ட். சேர்மனும் பொறுமையாகத்தான் பேசினார். நடுவில் மனைவி எழுந்துபோய்ப் போட்ட மிக்சி சமையலறையில் அலறியது.

"என்ன சார் சத்தம்?"

"சர்வர் ரூம் சார். லோடு ஜாஸ்தி."

"ஓகோ," என்றார் சேர்மன் மரியாதையாக. அதே சமயம் அந்தப் பக்கமும் விசில் மாதிரி ஒரு நீளமான சத்தம் கேட்டது. "எங்க ஃபேக்டரி சங்கு. ஷிஃப்ட் மாறுது," என்றார்.

எம்.டி. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சங்கு ஊதுகிற கம்பெனி!

மூக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் பேசுவது? மூச்சு முட்டியது. "சார், எங்க சப்போர்ட் ஹெட் மேடம் வந்துட்டாங்க, அவங்களே பேசுவாங்க," என்று சொல்லி, போனை மனைவி கையில் திணித்துவிட்டார். அவள் கண்ணாலேயே அவரைச் சுட்டுவிட்டு, போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க சார், நான் பார்த்துக்கறேன்," என்றாள். என்ன ஒரு குரல்! பல வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி பேசினாள்.

அது நல்லதாகப் போயிற்று என்று எம்.டி. சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் அடுத்த சனிக்கிழமை வரைதான் இருந்தது. சேர்மனுக்கு மேடத்தை மிகவும் பிடித்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "மேடத்துக்குக் கொடுங்க சார்" என்றார். அவர் பேசுவதும் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். மற்ற நாளில் கூப்பிட்டால் அவருடைய செகரட்டரி எடுத்து, "சேர்மன் மீட்டிங்ல இருக்கார்," என்பாள். பெரிய மனுஷர்களுக்கு மீட்டிங் இல்லாத நாளே சனிக்கிழமைதான் போலிருக்கிறது என்று எம்.டி. நினைத்துக்கொண்டார்.

மேடம் போனில் உட்கார்ந்தாள். பாத்திரம் யார் தேய்ப்பது? எம்.டி. தேய்த்தார். துணி யார் மடிப்பது? எம்.டி. மடித்தார். அவருடைய ஐந்து மணி நேரத்தில் பாதி சோப்பு நுரையோடு போயிற்று.

"ஏங்க, இது நல்லா இருக்கே," என்றாள் மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு. "அந்தக் கடாயையும் சேர்த்துத் தேய்ச்சிடுங்க."

இதற்கு முடிவு கட்ட, அதற்கடுத்த வாரம் சேர்மன் கூப்பிட்டபோது, "மேடம் லீவு சார்," என்றார் எம்.டி.

"லீவா? இவ்வளவு முக்கியமான நேரத்துல யார் சார் லீவு கொடுத்தது?"

"எங்க... ஹெச்.ஆர். ஹெட்."

"அவர்கிட்ட கொடுங்க சார், நான் ஒரு வார்த்தை பேசணும்."

பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போன் போயிற்று. அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர். அவர் வந்தால் தலைமையாசிரியர்களே வகுப்புக்குள் ஒளிந்துகொள்வார்களாம், அவரே சொல்வார். "ஹெச்.ஆர்.னா என்னடா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆளுங்களை வேலைக்கு எடுக்கிறவர்ப்பா."

"அவ்வளவுதானே," என்று போனை வாங்கி, "என்ன படிச்சிருக்கீங்க?" என்று சேர்மனைக் கேட்டார்.

எம்.டி. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா நிறுத்தவில்லை. எந்தப் பள்ளி, கணக்கில் என்ன மதிப்பெண், இதற்கு முன் எங்கே வேலை என்று வரிசையாகக் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் பக்கம் சேர்மன் ஒவ்வொன்றுக்கும் "சார், சார்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பையன் பரவாயில்லை," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் அப்பா. "கணக்குல கொஞ்சம் வீக்கு. சேர்த்துக்கலாம்."

"உங்க கம்பெனியில டிசிப்ளின் அருமை சார்," என்றார் சேர்மன். அவர் குரலில் லேசாக நடுக்கம் இருந்தது.

இத்தோடு விட்டதா? சேர்மன் தன் ஆட்களின் பட்டியலை மென்பொருளில் ஏற்றிப் பார்த்தார். ஏறவே இல்லை. எம்.டி. தன் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தால், மேனேஜர், கணக்கர், ஸ்டோர் கீப்பர், வாட்ச்மேன் எல்லாருக்கும் ஒரே போன் நம்பர். ஒரு நம்பரை ஒரு ஆளுக்குமேல் ஏற்றுக்கொள்ளாதபடி எம்.டி.தான் அதை எழுதியிருந்தார்.

"போர்டு லைன் சார். எங்ககிட்ட எல்லாம் ஒரே நம்பர்தான்," என்றார் சேர்மன்.

சே, பெரிய கம்பெனி எப்படி இருக்கும் என்று தெரியாமல் எழுதிவிட்டோமே என்று எம்.டி.க்கு வெட்கமாகப் போயிற்று. பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்து அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றினார். கழற்றியதும் வேறு ஒன்று இடம் பிசகிவிட்டது. மென்பொருள் ஒரே ஆளை ஒரே நேரத்தில் வாசலிலும், கிடங்கிலும், கணக்கு அறையிலும் டியூட்டி போட ஆரம்பித்தது. எந்தக் கூத்தை ஒழிக்க அதை எழுதினாரோ, அந்தக் கூத்து அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எம்.டி.க்கு அழுகையே வந்தது. தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்று போன் பண்ணினார்.

"சார், ஒரு சின்ன கோளாறு. ஒரே ஆளை மூணு இடத்துல காட்டுது. அடுத்த வாரம் சரி பண்ணி—"

"ஐயையோ, தொடாதீங்க சார்!" என்று கத்தினார் சேர்மன். "இதுதான் சார் எங்களுக்கு வேணும். எங்க கஸ்டமர் ஒருத்தர் டியூட்டி சார்ட்டைப் பார்த்துட்டுத்தான் ஆர்டர் கொடுப்பேங்கறார். இப்போதான் சார்ட் முழுசா நிரம்பி அழகா இருக்கு."

எம்.டி.க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் சந்தோஷமாக இருந்தால் காரணம் கேட்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தார்.

"அடுத்த சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம் சார்," என்றார் சேர்மன். "உங்க ஆபீசுக்கே நேர்ல வரேன். அத்தனை பேரையும் பார்க்கணும்னு ரொம்ப ஆசை."

போனை வைத்த எம்.டி.யின் முகத்தைப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள் என்றே மனைவி நினைத்துவிட்டாள். சேர்மன் வருவதாகச் சொன்ன அந்தச் சனிக்கிழமைதான் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மெதுவாக. "நான் ஒருத்தன்தான் சார், சனிக்கிழமை மட்டும்தான் சார்னு."

"சொன்னா போயிடுவார். முப்பது பேர் கம்பெனி ஒத்தை ஆளை நம்புமா? திங்கக்கிழமையிலிருந்து நான் சூப்பர்வைசர். அவ்வளவுதான்."

அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி பல் டாக்டர். சனிக்கிழமை மத்தியானம் அவன் கிளினிக் மூடியிருக்கும். கண்ணாடிக் கதவு, ஏ.சி., வரிசையாக நாற்காலி, முன்னால் ரிசப்ஷன் மேசை. கம்பெனிக்கு வேறு என்ன வேண்டும்? சுவரிலிருந்த பெரிய பல் படத்தைக் கழற்ற முடியவில்லை, அதன்மேல் ஒரு உலக வரைபடத்தை ஒட்டினார்கள். மனைவி ரிசப்ஷனில் சப்போர்ட் ஹெட். அப்பா மூலை மேசையில் ஹெச்.ஆர். ஹெட். தம்பி வெள்ளைக் கோட்டோடு உள் அறையில் டெக்னிகல் ஹெட்.

"மாமா, நான் ஒண்ணும் பேச மாட்டேன். கதவைச் சாத்திக்குவேன்," என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"அது போதும் மச்சான். டெக்னிகல் ஆளுங்க பேசவே மாட்டாங்க."

சொன்ன நேரத்துக்குக் கருப்புக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. வெள்ளை யூனிஃபார்ம், தொப்பியோடு வயதான டிரைவர் இறங்கி, கதவைத் திறந்துவிட்டார். சேர்மன் இறங்கினார். கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இறங்கியவர் டிரைவரைப் பார்த்து, "வெயிலா இருக்கு, நீங்க கார்லயே உட்காருங்க, ஏ.சி. போட்டுக்குங்க," என்று பணிவாகச் சொன்னார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று எம்.டி. உருகிப்போனார்.

உள்ளே வந்த சேர்மன் மேடத்தைக் கும்பிட்டார். ஹெச்.ஆர். ஹெட்டைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டார்.

"உட்காரு, உட்காரு," என்றார் அப்பா. "கணக்கு இப்போ தேவலையா?"

"பயிற்சி பண்றேன் சார்."

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கிய ஒரு ஆள், கண்ணில் தண்ணீரோடு உள்ளே வந்து நின்றார். பல் வலிக்குச் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தெரியுமா?

எம்.டி. தாவிப் போய் அந்த ஆளின் தோளில் கை போட்டார். "எங்க சீனியர் புரோகிராமர் சார். உங்க சார்ட்டுக்காகத் தூங்காம வேலை பார்த்தார். பாருங்க, முகமே வீங்கிப் போச்சு."

"ம்ம்ம்," என்று முனகினார் சீனியர் புரோகிராமர்.

"பாவம் சார்," என்றார் சேர்மன், கண் கலங்கி.

மனைவி அந்த ஆளைக் கையைப் பிடித்து உள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கணீரென்று வந்தது.

"வாயைத் திறங்க! இன்னும் நல்லாத் திறங்க!"

சேர்மன் எம்.டி.யைப் பார்த்தார்.

"டெக்னிகல் மீட்டிங் சார்," என்றார் எம்.டி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எங்க ஹெட் ஒளிவுமறைவு இல்லாதவர். எல்லாரும் மனசு விட்டுப் பேசணும்பார்."

பிறகு ங்ஙீஈஈ என்று மெஷின் சத்தம்.

"சர்வர்?" என்றார் சேர்மன்.

"சர்வர்."

அதற்குப் பின் வந்த அலறலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எம்.டி.க்குத் தோன்றவில்லை. ஆனால் சேர்மன் எதையும் கேட்கவில்லை. மடமடவென்று ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கம் பக்கமாகப் போட்டார்.

"இப்படி உயிரைக் கொடுத்து வேலை செய்ற கம்பெனியை நான் பார்த்ததே இல்லை சார்," என்றார். "உங்களைப் பார்த்தா எனக்குக் கூச்சமா இருக்கு."

"அட, நீங்க வேற சார்! நீங்க சங்கு ஊதுற கம்பெனி. நாங்க எல்லாம் சின்ன ஆளுங்க."

கையெழுத்து ஈரமாக இருந்தது. எம்.டி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் எழுதிய ஒன்றை நம்பி, முன்பின் தெரியாத ஒரு பெரிய கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு தன்னைத் திட்டிய அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. சட்டென்று கைப்பேசியை எடுத்தார்.

"ஏங்க, திங்கக்கிழமை நேர்ல சொல்லிக்கலாமே," என்றாள் மனைவி காதோடு.

"என்னத்துக்கு? நீதானே சொன்னே, ஒரே ஒரு கம்பெனின்னு." சூப்பர்வைசர் பதவி வேண்டாம் என்று கிளை மேலாளருக்குச் செய்தியைத் தட்டி அனுப்பியே விட்டார். மேலாளரிடமிருந்து உடனே பதில் வந்தது. நல்லது, வேறு ஆளைப் போட்டாயிற்று.

எம்.டி. நிம்மதியாக மூச்சு விட்டார். அவர் மனைவியும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, கிண்டல் இல்லாமல் அவரை "எம்.டி. சார்" என்று கூப்பிட்டாள்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சேர்மனின் டிரைவர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டு, சேர்மனைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்ளே, கையெழுத்து முடிஞ்சுதுல்ல? இந்த வாடகைக் காரைத் திருப்பி விடணும், வாங்க. உங்க செகரட்டரி, அதான் என் பொண்ணு, ஃபேக்டரி சங்குக்கு வெச்ச குக்கரை இறக்கிடலாமான்னு போன்ல கேட்டுக்கிட்டே இருக்கா!"